பங்காளி என்ற சொல்

அன்புள்ள கயல்,

நீ போனில் கேட்டதை அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன். "இந்த யூதர்கள் கடவுளோடு வாதாடுவதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். கூடவே, மனிதன் கடவுளுக்குக் கூட்டாளி என்றும் சொல்கிறார்கள். இது பக்தியா, திமிரா?" இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை, அதனால்தான் கடிதம். வெள்ளிக்கிழமை உன் ஜெருசலேம் வீட்டுக்காரம்மா கூப்பிட்ட விருந்துக்குப் போவதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடு. உன் லேப் தோழியோடு அந்தத் தல்மூத் (யூத அறிஞர்களின் சட்ட விவாதத் தொகுப்பு) பக்கத்தைப் படிக்க உட்காரும்போது இன்னொரு தடவை.

முதலில் அந்தச் சொல். எபிரேயத்தில் 'ஷுத்தாஃப்' என்பார்கள். வழிபாட்டில் பிறந்த சொல் இல்லை இது. வீட்டு முற்றத்திலும் கடைத்தெருவிலும் புழங்கிய சொல். தல்மூதில் 'பாவா பத்ரா' என்ற பகுதி இந்தச் சொல்லோடுதான் தொடங்குகிறது. ஒரே முற்றத்தில் பங்குள்ள இருவர் நடுவில் சுவர் வைக்க ஒப்புக்கொண்டால், சுவருக்காக யார் எவ்வளவு இடம் விடவேண்டும் என்பது அங்கே கேள்வி. செதுக்காத கல் என்றால் ஆளுக்கு 3 கையகலம், செதுக்கிய கல் என்றால் இரண்டரை, செங்கல் என்றால் ஒன்றரை. முற்றத்துக்கு நடுவே சுவர் வைக்கிறவனை நம் ஊரில் என்ன சொல்வோம்? பங்காளி. 'கூட்டாளி'யைவிட இதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பங்காளிக்குச் சொத்தில் பங்கு உண்டு, அதைப் பராமரிக்கிற கடமை உண்டு, அதனாலேயே குரலை உயர்த்துகிற உரிமையும் உண்டு. சண்டை போடுகிறவன் அந்நியன் இல்லை என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

ஆனால் இதே சொல் ஓரிடத்தில் மதவிரோதம், இன்னோரிடத்தில் பெரும் புகழ். இதைக் கவனிக்காமல் "நாம் எல்லாரும் கடவுளின் கூட்டாளிகள்" என்று மேடையில் பேசுகிறவர்கள் நிறையப் பேர். தல்மூதின் 'சன்ஹெட்ரின்' பகுதியில், 38-ஆம் ஏட்டில், ஆதாம் ஏன் ஆறாம் நாள் கடைசியில் படைக்கப்பட்டான் என்று கேட்டு நான்கு காரணம் சொல்வார்கள். படைப்பில் கடவுளுக்கு ஒரு ஷுத்தாஃப் இருந்தான் என்று மதவிரோதிகள் சொல்லிவிடக்கூடாது என்பது முதல் காரணம். மனிதனுக்குத் தலைக்கனம் ஏறினால் "கொசுகூட உனக்கு முன்னால் படைக்கப்பட்டது" என்று சொல்லிக் காட்டலாம் என்பது இரண்டாவது. வந்த உடனே, வெள்ளிக்கிழமை மாலை தொடங்கும் ஓய்வுநாளான ஷபாத் என்ற கட்டளைக்குள் நுழையட்டும் என்பது மூன்றாவது. நான்காவது எனக்குப் பிடித்தது: அரசன் மாளிகை கட்டி, அலங்கரித்து, விருந்து தயாரானபின் விருந்தினரை அழைப்பதுபோல, மனிதன் நேராகச் சாப்பாட்டுக்கு வரட்டும் என்று. யோபுவின் கதையிலும் கடவுள் சூறாவளிக்குள்ளிருந்து கேட்பது இதையேதான்: நான் பூமிக்கு அஸ்திவாரம் போட்டபோது நீ எங்கே இருந்தாய்?

ஆக, தொடக்கத்தில் பங்காளி கிடையாது. அதில் விட்டுக்கொடுப்பே இல்லை. பிறகு எப்படி அதே தல்மூத் 'ஷபாத்' பகுதியின் 119-ஆம் ஏட்டில், வெள்ளிக்கிழமை மாலை ஜெபத்தில் 'வயெஃகூலு' சொல்கிறவன் படைப்பில் கடவுளுக்குப் பங்காளி ஆனதுபோல என்று சொல்கிறது? "ஆனதுபோல" என்று நான் எழுதியதில் அந்த 'போல'தான் சாவி. எபிரேயத்தில் 'கெஇலு'. பிறப்பால் வந்த பங்கு இல்லை, செய்கையால் ஏறுகிற பங்கு. இந்த ஒரு சொல்லைத் தவறவிட்டால் ஒரு பக்கம் திமிரில் விழுவார்கள், இன்னொரு பக்கம் "நான் யார், வெறும் தூசி" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார்கள்.

வயெஃகூலு என்பது ஆதியாகமம் 2-ஆம் அதிகாரத்தின் முதல் மூன்று வசனம். வானமும் பூமியும் 'முடிக்கப்பட்டன' என்று தொடங்கும். எபிரேய மூலத்தில் உயிர்க்குறிகள் கிடையாது. நம் ஓலைச்சுவடிகளில் புள்ளி வைக்காமல் எழுதியிருப்பார்களே, வாசிக்கிறவன்தான் மெய்யா உயிர்மெய்யா என்று முடிவு செய்யவேண்டுமே, ஏறக்குறைய அந்த நிலைமை. ரப்பிகள், அதாவது யூத வேத அறிஞர்கள், அந்த எழுத்துகளை 'வயெஃகாலு', அதாவது 'அவர்கள் முடித்தார்கள்' என்றும் வாசித்தார்கள். அவர்கள் என்றால் யார்? கடவுளும், அதைச் சொல்கிற மனிதனும். ஒரு உயிர்க்குறி மாற்றத்தில் மனிதனுக்கு இடம் பிறக்கிறது. விளையாட்டு மாதிரி தெரியும். ஆனால் வாசிக்கிறவன் வாய் திறக்காமல் வசனமே முழுமை பெறாது என்கிற உண்மை இந்த விளையாட்டுக்கு அடியில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மேசையில் இதை நீ கேட்பாய். வீட்டுத் தலைவர் திராட்சரசக் கோப்பையைக் கையில் எடுத்து, அதற்கு முந்தைய அதிகாரத்தின் கடைசி வார்த்தைகளான 'யோம் ஹஷிஷி' (ஆறாம் நாள்) என்பதையும் சேர்த்துக்கொண்டு தொடங்குவார். அப்படிச் சேர்த்தால் 'யோம் ஹஷிஷி, வயெஃகூலு ஹஷாமாயிம்' என்ற நான்கு சொல்லின் முதலெழுத்துகள் கடவுளின் நான்கெழுத்துப் பெயர் ஆகும். பல வீடுகளில் எழுந்து நின்று சொல்வார்கள். நிற்பதற்குக் காரணம் உண்டு: இது சாட்சியம், சாட்சி சொல்கிறவன் நீதிமன்றத்தில் நின்றுதான் சொல்லவேண்டும். ஏசாயாவில் "நீங்கள் என் சாட்சிகள்" என்று ஒரு வசனம். அதற்குப் பழைய மித்ராஷ் உரை துணிந்து ஒன்று சொல்கிறது: நீங்கள் சாட்சியாக இருந்தால் நான் கடவுள், இல்லாவிட்டால், சொல்லப்போனால், நான் கடவுள் இல்லை. அங்கேயும் 'சொல்லப்போனால்' என்று ஒரு கடிவாளம் இருப்பதைப் பார். எவ்வளவு தூரம் போனாலும் கடிவாளத்தோடுதான் போவார்கள்.

கோப்பையில் குறைந்தது ஒரு 'ரெவியித்' இருக்கவேண்டும். ஒரு கணக்கில் 86 மில்லி, கறாரான இன்னொரு கணக்கில் 150 மில்லி. திராட்சரசப் புட்டியை நீ தொட்டு ஊற்றாதே. காய்ச்சிய ரசம், 'மெவுஷால்' என்று புட்டியில் அச்சிட்டிருந்தால் பரவாயில்லை. இல்லாவிட்டால் யூதர் அல்லாதவர் ஊற்றினால் கடைப்பிடிப்புள்ள வீட்டில் அதைக் குடிக்கமாட்டார்கள். சிலைக்கு ரசம் வார்த்த காலத்துப் பழைய விதி அது. உன்னைக் குறித்தது இல்லை, மனம் நோகாதே. பிறகு குவளையால் கை கழுவுவார்கள். கழுவியதிலிருந்து ரொட்டியைப் பிட்டு வாயில் போடுகிறவரை யாரும் பேசமாட்டார்கள். நீ அந்த நேரம் பார்த்து "உப்பு வேணுமா?" என்று கேட்டால் பதில் வராது, சிரிப்புதான் வரும். பாலைவனத்தில் வெள்ளிக்கிழமை வானத்திலிருந்து இரட்டிப்பாக விழுந்த மன்னா என்ற உணவின் நினைவாக முழு ரொட்டி 2 இருக்கும்.

அந்த ரொட்டியைக் கொஞ்சம் நின்று பார். ஷபாத்தில் விலக்கிய வேலைகள் 39. அந்தப் பட்டியலில் முதல் 11-க்கு 'ரொட்டியின் வரிசை' என்றே பெயர்: விதைத்தல், உழுதல், அறுத்தல், கதிர் கட்டுதல், போரடித்தல், தூற்றுதல், கல் பொறுக்குதல், அரைத்தல், சலித்தல், பிசைதல், சுடுதல். விதைப்பு முதலில், உழவு இரண்டாவதா என்று நம் ஊர் விவசாயி கேட்பார். தல்மூதும் அதைக் கேட்டிருக்கிறது. அந்த மண் கெட்டி, விதைத்தபிறகும் உழுது மூடுவார்கள் என்பது பதில். சரி, ரொட்டிக்குச் சொல்கிற ஆசி என்ன? "பூமியிலிருந்து ரொட்டியை வெளிக்கொணர்கிறவர்." பூமியிலிருந்து ரொட்டி வருவதில்லை, கோதுமைதான் வருகிறது. பச்சைக் கோதுமையை மென்றால் "நிலத்தின் விளைவைப் படைத்தவர்" என்ற பொது ஆசிதான், கீரைக்கும் கிழங்குக்கும் சொல்வது. மனிதன் 11 வேலை செய்து சுட்டபிறகுதான் அதற்கென்று தனி ஆசி. திராட்சையும் அப்படியே: பழமாகத் தின்றால் மற்ற மரப்பழங்களோடு ஒன்று, பிழிந்து ரசமாக்கினால் தனி மரியாதை. மனிதன் கை பட்டதால் ஆசி உயர்கிறது. உயர்ந்த ஆசியிலும் பெயர் கடவுளுக்குத்தான். இந்தப் பங்குக் கணக்கைப் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட ஒரு துண்டு ரொட்டி தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

ரோம ஆளுநர் டர்னஸ் ரூஃபஸ், ரப்பி அகிவாவிடம் யாருடைய படைப்பு அழகு, கடவுளுடையதா மனிதனுடையதா என்று கேட்டதாக ஒரு கதை உண்டு. மனிதனுடையது என்றார் அகிவா. கதிரையும் சுட்ட அப்பத்தையும் கொண்டுவந்து வைத்தார். ஆளுநர் கேட்க வந்தது விருத்தசேதனத்தைப் பற்றி: கடவுள் கொடுத்த உடம்பை ஏன் திருத்துகிறீர்கள் என்று மடக்கப் பார்த்தார். அது தெரிந்துதான் அகிவா முந்திக்கொண்டார். இதே ஆளுநர் இன்னோரிடத்தில், உங்கள் கடவுள் ஏழைகளை நேசித்தால் அவரே சோறு போடலாமே என்றும் கேட்பார். அந்தக் கேள்வியை யூத மரபு தத்துவமாக வளர்க்கவில்லை, கணக்காக மாற்றியது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு தானம், தாராளமாகக் கொடுக்க நினைத்தாலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். கொடுத்துக் கொடுத்தே நாளைக்குத் தானே கையேந்த நேரக்கூடாது என்பதால் அந்த மேல்வரம்பு.

இனி உன் கேள்வியின் மற்றப் பாதி: ஏன் ஒவ்வொருவரும் தன் கருத்தை இவ்வளவு அடமாகப் பிடித்துக்கொள்கிறார்கள்?

பங்கு போடுகிறவன் வேறு ஏதாவது கொண்டுவரவேண்டும், இரண்டு பேரும் ஒரே பொருளைக் கொண்டுவந்தால் ஒருவர் வீண். தல்மூதுக்கு அடிப்படையான மிஷ்னா என்ற சட்டத்தொகுப்பில், 'சன்ஹெட்ரின்' 4-ஆம் அதிகாரத்தில் ஓர் உவமை. மனிதன் ஒரே அச்சில் நூறு நாணயம் அடித்தால் நூறும் ஒன்றுபோல இருக்கும். கடவுள் ஆதாம் என்ற ஒரே அச்சில் எல்லாரையும் அடிக்கிறார், ஒருவரும் இன்னொருவர் மாதிரி இல்லை. ஆகவே ஒவ்வொருவனும் "எனக்காகவே உலகம் படைக்கப்பட்டது" என்று சொல்லக் கடமைப்பட்டவன். இதைத் தன்னம்பிக்கை வாசகமாகச் சுவரில் ஒட்டிவைக்கிறார்கள். மூலத்தில் இது கொலை வழக்குச் சாட்சிகளை எச்சரிக்கும்போது சொல்வது. உன் பொய்யால் ஓர் ஆள் செத்தால் ஒரு முழு உலகம் போகிறது, அந்த அச்சில் அந்த முகம் இனி வராது என்று பயமுறுத்துவதற்கு. 6 லட்சம் பேர் கூட்டத்தைப் பார்த்தால் சொல்ல ஓர் ஆசிகூட உண்டு: "ரகசியங்களை அறிந்த ஞானி." முகங்கள் ஒன்றுபோல இல்லை, மனங்களும் ஒன்றுபோல இல்லை, அத்தனையையும் அறிகிறவர் ஒருவர்தான் என்று பொருள்.

இது வெறும் பேச்சாக நிற்கவில்லை, நீதிமன்ற நடைமுறையாக எழுதியிருக்கிறார்கள். மரணதண்டனை வழக்கு என்றால் 23 நீதிபதிகள். கருத்துச் சொல்வது ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் இளையவரிடமிருந்து தொடங்கும். பெரியவர் முதலில் பேசிவிட்டால் சின்னவர் வாயை மூடிக்கொள்வார், அவர் கண்டது வெளியே வராமலே போய்விடும். விடுவிக்க ஒரு ஓட்டு அதிகம் போதும், தண்டிக்க இரண்டு வேண்டும். விடுதலையை அன்றே சொல்லலாம், தண்டனையை மறுநாள்தான். 23 பேரும் ஒருமனதாகக் குற்றவாளி என்றால்? ஆளை விட்டுவிடவேண்டும் என்கிறார் ரப் கஹானா. ஓர் இரவு தாமதிப்பதே அவனுக்குச் சாதகமாக ஏதாவது தோன்றட்டும் என்பதற்காக. ஒருவர் கண்ணுக்குக்கூட ஒன்றும் படாத மன்றத்தில் அந்தத் தேடலுக்கு இடமே இல்லை. ஒருமனம் என்றால் நமக்கெல்லாம் மகிழ்ச்சி, அவர்களுக்கு அங்கே சந்தேகம்.

கடவுளிடமும் இதே முறைதான். நோவாவைப் பார். வெள்ளம் வரப்போகிறது, பேழை செய் என்றதும் அளவு பிசகாமல் செய்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேதத்தில் நோவாவின் வாயிலிருந்து வருகிற முதல் பேச்சு, வெள்ளமெல்லாம் வடிந்து, குடித்துவிட்டுத் தூங்கி எழுந்தபின் பேரன் கானானைச் சபிப்பது. ஆபிரகாம் வேறு. பாவம் பெருகிய சோதோம் நகரை அழிப்பதற்கு முன் கடவுள் தாமே, "செய்யப்போவதை ஆபிரகாமுக்கு மறைப்பேனோ?" என்று வாசலைத் திறந்துவிடுகிறார். ஆபிரகாம் உள்ளே நுழைந்து பேரம் பேசுகிறார்: 50 நல்லவர் இருந்தால்? 45? 40, 30, 20, 10. கவனி, இரக்கம் காட்டு என்று அவர் கெஞ்சவில்லை. உலகத்துக்கே நீதிபதி நீதி செய்யாமல் இருக்கலாமா என்று கடவுளின் அளவுகோலையே எடுத்து நீட்டுகிறார். பங்காளியின் வாதம் எப்போதும் இப்படித்தான் இருக்கும், ஒப்பந்தத்தைக் காட்டித்தான் கேட்பார்கள். அதே ஆபிரகாம் ஈசாக்கைப் பலி கேட்டபோது ஒன்றும் பேசவில்லை. ஏன் என்று நீ கேட்பாய். இரண்டாயிரம் வருஷமாக அவர்களும் கேட்கிறார்கள், எனக்குத் திருப்தியான பதிலை நான் இன்னும் படிக்கவில்லை.

வாதாடியவர்களுக்குச் சட்டமே மாறியதும் உண்டு. எண்ணாகமம் 9-இல், பிணத்தைத் தொட்ட தீட்டால், எகிப்திலிருந்து மீண்டதை நினைக்கும் பஸ்கா பலி செலுத்தமுடியாத சிலர் வந்து, "நாங்கள் ஏன் விலக்கப்படவேண்டும்?" என்றார்கள். மோசே பதில் தெரியாமல் "நில்லுங்கள், கேட்டு வருகிறேன்" என்றார். அடுத்த மாதம் 14-ஆம் நாள் அவர்களுக்கென்று இரண்டாம் பஸ்கா வந்தது. அதே நூலின் 27-ஆம் அதிகாரத்தில் செலோப்பியாத்தின் பெண்கள் ஐந்து பேர், மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள், மகன் இல்லாத எங்கள் அப்பாவின் பங்கு ஏன் அழியவேண்டும் என்று நின்றார்கள். "அவர்கள் சரியாகப் பேசுகிறார்கள்" என்று கடவுளே தீர்ப்பு. 11-ஆம் நூற்றாண்டு உரைகாரர் ராஷி இங்கே எழுதுவது: மோசேயின் கண் காணாததை இவர்கள் கண் கண்டது. தன் நிலம் போகிறவளுக்குத்தான் அந்த ஓட்டை தெரியும். ஆனால் இந்தக் கதையை இங்கேயே நிறுத்திக் கொண்டாடுகிறவர்கள் 36-ஆம் அதிகாரம்வரை போவதில்லை. அங்கே கோத்திரத் தலைவர்கள் வந்து, இவர்கள் வேறு கோத்திரத்தில் கட்டிக்கொண்டால் எங்கள் நிலம் குறையுமே என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் சரி என்று தீர்ப்பாகி, பெண்கள் சொந்தத்துக்குள் மணக்கவேண்டி வருகிறது. குரல் எடுத்தவர் ஜெயித்தாலும் அடுத்த குரலுக்குக் காது கொடுக்கத்தான் வேண்டும்.

இப்போது உன் தோழி சொன்ன பக்கம். 'பாவா மெட்சியா', 59-ஆம் ஏட்டின் பின்பக்கம், அக்னாய் அடுப்பு. எபிரேயத்தில் அடுப்புக்கு 'தனூர்', நம் தந்தூரின் உறவுச்சொல். விவகாரம் இது: சுட்ட மண் அடுப்பு தீட்டுப்பட்டால் கழுவிச் சுத்தம் செய்யமுடியாது, உடைக்கத்தான் வேண்டும். உடைந்தது பாத்திரம் இல்லை, ஆகவே தீட்டு ஒட்டாது. ஒருவன் அடுப்பை வளையம் வளையமாக வெட்டி, இடையிடையே மணல் போட்டு அடுக்கிவைத்தான். இது உடைந்த துண்டுகளின் குவியல், தீட்டு இல்லை என்றார் ரப்பி எலியேசர். வெளியே பூசிய காரை எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்துவைத்திருக்கிறது, இது முழு அடுப்புதான் என்றார்கள் மற்றவர்கள். எலியேசர் எல்லா வாதமும் சொன்னார், அவர்கள் ஏற்கவில்லை. என் பக்கம் சரி என்றால் இந்தக் கரோப் மரம் சொல்லட்டும் என்றார், மரம் பிடுங்கிக்கொண்டு 100 முழம் நகர்ந்தது. மரத்திலிருந்து ஆதாரம் கொண்டுவரமுடியாது என்றார்கள். வாய்க்கால் பின்னோக்கி ஓடியது. அதுவும் ஆதாரம் இல்லை. கல்விக்கூடத்துச் சுவர்கள் சாய்ந்தன. ரப்பி யெஹோஷுவா சுவர்களை அதட்டினார், அறிஞர்கள் வாதாடினால் உங்களுக்கென்ன என்று. அவர் மரியாதைக்காகச் சுவர் விழவில்லை, எலியேசர் மரியாதைக்காக நிமிரவும் இல்லை, சாய்ந்தபடியே நிற்கிறது. கடைசியில் வானத்திலிருந்தே குரல்: சட்டம் எலியேசர் சொன்னபடிதான். யெஹோஷுவா எழுந்து நின்று உபாகமத்திலிருந்து மூன்றே சொல் சொன்னார்: "அது வானத்தில் இல்லை." தோராவை, அதாவது வேதச் சட்டத்தை, சீனாய் மலையில் கொடுத்தாயிற்று, பெரும்பான்மைப்படி போ என்று அதிலேயே எழுதியிருக்கிறது, இனி வானக் குரல் கேட்பதில்லை என்பது விளக்கம். அப்போது கடவுள் என்ன செய்தார் என்று ரப்பி நாத்தான் பிறகு எலியா தீர்க்கதரிசியைக் கேட்டார். சிரித்தார், "என் பிள்ளைகள் என்னை ஜெயித்துவிட்டார்கள்" என்றார்.

உனக்கு உடனே நக்கீரர் ஞாபகம் வந்திருக்கும். குற்றம் குற்றமே என்றவர் நெற்றிக்கண்ணில் வெந்து பொற்றாமரைக் குளத்தில் விழுந்தார். இங்கே கடவுள் சிரிக்கிறார், சரி. ஆனால் இங்கேயும் ஒருவர் வெந்தார், அது பிற்பாதியில் இருக்கிறது. கதையைச் சிரிப்போடு நிறுத்துவதுதான் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்கள் செய்கிற பெரிய பிழை. மேற்கோள் காட்டுகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் அங்கே நிறுத்திவிடுவார்கள்.

அன்றே எலியேசர் சுத்தம் என்று தீர்த்த பொருள்களையெல்லாம் கொண்டுவந்து எரித்தார்கள். அவரை ஓட்டுப்போட்டு விலக்கிவைத்தார்கள். யார் போய்ச் சொல்வது? தகாதவன் சொன்னால் உலகமே அழிந்துபோகும் என்று அகிவா போனார். கறுப்பு உடுத்தி, நான்கு முழம் தள்ளி உட்கார்ந்து, "ரப்பி, தோழர்கள் உங்களைவிட்டு விலகியிருப்பதாகத் தோன்றுகிறது" என்றார். எலியேசர் ஆடையைக் கிழித்து, செருப்பைக் கழற்றித் தரையில் அமர்ந்தார், கண்ணீர் வழிந்தது. உலகத்து ஒலிவத்தில் மூன்றில் ஒரு பங்கு, கோதுமையில் மூன்றில் ஒரு பங்கு, வாற்கோதுமையில் மூன்றில் ஒரு பங்கு கெட்டது. தலைவர் ரப்பான் கம்லியேல் கப்பலில் இருந்தார், மூழ்கடிக்க அலை எழுந்தது. என் கௌரவத்துக்காகச் செய்யவில்லை, இஸ்ரவேலில் பிளவு பெருகக்கூடாது என்றுதான் என்று மன்றாடினார், அலை தணிந்தது. அவர் பயத்துக்குக் காரணம் உண்டு. கி.பி. 70-இல் கோயில் இடிந்துபோயிற்று, சேர்த்துப் பிடிக்க வேறொன்றும் இல்லை. ஆனாலும் தப்பவில்லை. எலியேசரின் மனைவி இம்மா ஷாலோம், கம்லியேலின் கூடப்பிறந்தவள். கணவர் முகங்குப்புற விழுந்து தன் வேதனையைக் கொட்டி ஜெபிக்காதபடி தினமும் பார்த்துக்கொண்டாள். ஒருநாள் கவனம் தப்பியது. "எழுந்திருங்கள், என் அண்ணனைக் கொன்றுவிட்டீர்கள்" என்றாள். எப்படித் தெரியும் என்றதற்கு அவள் சொன்ன பதில், என் தாத்தா வீட்டு வழக்குச்சொல்: எல்லா வாசலும் மூடும், புண்பட்டவன் அழுகையின் வாசல் மட்டும் மூடாது.

அதனால்தான் 59-இல் தொடங்காதே, 58-ஆம் ஏட்டின் பின்பக்கத்து மிஷ்னாவிலிருந்து தொடங்கலாம் என்று தோழியிடம் சொல். அங்கே விஷயம், வியாபாரத்தில் ஏமாற்றுவது எப்படியோ அப்படியே வார்த்தையில் புண்படுத்துவதும். வாங்குகிற எண்ணம் இல்லாமல் விலை கேட்காதே. திருந்தியவனிடம் பழையதை ஞாபகப்படுத்தாதே. அடுப்புக் கதை அதற்கு உதாரணமாக வருவது. சட்டத்தில் பெரும்பான்மை ஜெயித்தது, அந்த வெற்றியை நடத்தியவிதத்தில் தோற்றது. இன்னொரு நுணுக்கம்: பெரும்பான்மைப்படி போ என்று காட்டும் யாத்திராகமம் 23:2-ஐ எடுத்து முழுசாகப் படித்துப் பார். அந்த வசனம் "தீமைக்குக் கூட்டத்தோடு போகாதே" என்று தொடங்குவது. அதே வசனத்திலிருந்து நேர் எதிரான விதியை உருவியிருக்கிறார்கள். வானக் குரலை மறுத்ததைவிட இதுதான் துணிச்சல் என்பேன்.

படிக்கிற முறைக்கு 'ஹவ்ரூதா' என்று பேர், இருவராக உட்கார்வது. வில்னா பதிப்புப் பக்கத்தில் நடுவில் மூலம், தையல் பக்கம் ராஷி, வெளிப்பக்கம் ராஷிக்குப் பின்வந்தவர்களின் உரையான தோசஃபோத். மூலத்தில் நிறுத்தற்குறி இருக்காது, கேள்வி எங்கே முடிந்து பதில் எங்கே தொடங்குகிறது என்பதே முதல் சண்டை. அவள் ஒரு வரி சத்தமாகப் படித்து மொழிபெயர்க்கட்டும். நீ உன் வார்த்தையில் திருப்பிச் சொல். "ஆமாம், அதுதான்" என்று அவள் ஒப்புக்கொண்டபிறகுதான் மறுக்கவேண்டும். ராஷியை உடனே பார்க்காதே, இருவரும் ஆளுக்கொரு விளக்கம் சொல்லி முட்டியபிறகு பார். முதலிலேயே பார்த்தால் உன் கண் மூடிக்கொள்ளும். மணிக்குப் பத்துப் பன்னிரண்டு வரி போனாலே நல்ல வேகம். கெட்டுப்போவது இரண்டு விதத்தில்: தெரிந்தவள் பாடம் நடத்தத் தொடங்குவது, தெரியாதவள் தலையாட்டத் தொடங்குவது. அவளுக்கு எபிரேயம் தெரியும், உனக்குத் தெரியாது என்பதால் இரண்டாவதுதான் உன் ஆபத்து.

தலையாட்டல் என்ன செய்யும் என்பதற்கு அதே நூலில் 84-ஆம் ஏடு. ரப்பி யோஹனானின் படிப்புத் துணை ரேஷ் லாகிஷ், முன்னாள் கொள்ளைக்காரர். கத்தி, வாள் எப்போது முழுமையான பொருளாகிறது என்ற விவாதத்தில் யோஹனான், "கொள்ளைக்காரனுக்கு அவன் தொழில் தெரியும்" என்று குத்தினார். திருந்தியவனிடம் பழையதைச் சொல்லாதே என்ற அந்த விதியை அந்தப் பெரியவரே மீறினார். ரேஷ் லாகிஷ் நோயில் விழுந்து இறந்தார். ஆறுதலுக்கு எலாசார் பென் பெதாத் என்ற கெட்டிக்காரரை அனுப்பினார்கள். யோஹனான் என்ன சொன்னாலும், "உங்களுக்குத் துணையாக ஒரு பழைய பாடம் உண்டு" என்றார் அவர். யோஹனான் வெடித்தார்: ரேஷ் லாகிஷ், அந்த லாகிஷின் மகன், நான் ஒன்று சொன்னால் 24 ஆட்சேபம் எழுப்புவான், நான் 24 பதில் சொல்வேன், விஷயம் விரியும். நான் சொன்னது சரி என்று எனக்கே தெரியாதா, நீ வேறு சொல்லவேண்டுமா? ஆடையைக் கிழித்துக்கொண்டு "லாகிஷின் மகனே, எங்கே இருக்கிறாய்" என்று கத்தித் திரிந்து, புத்தி பேதலித்து, அவரும் போனார்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதே. எல்லாக் கருத்தும் சமம் என்று இவர்கள் சொல்வதில்லை. ஹில்லெல் பள்ளியும் ஷம்மாய் பள்ளியும் மூன்று வருஷம் வாதாடியபின் வந்த வானக் குரல், "இவையும் அவையும் உயிருள்ள கடவுளின் சொற்கள்" என்றது. அதே மூச்சில், சட்டம் ஹில்லெல் பள்ளிப்படி என்றும் சொன்னது. ஏனென்றால் ஹில்லெல் பள்ளியார் சாந்தமானவர்கள், எதிர்த்தரப்பின் பாடத்தையும் கற்பித்தார்கள், அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் தங்களுடையதைச் சொன்னார்கள். தோற்ற கருத்தையும் பெயரோடு மிஷ்னாவில் எழுதிவைத்திருக்கிறார்கள், பின்னால் வருகிற ஒரு நீதிமன்றம் அதைப் பிடித்துக்கொண்டு எழலாம் என்பதற்காக. எலியேசரின் பெயரும் அப்படி எத்தனையோ இடத்தில் இருக்கிறது.

ஆக, திமிரா என்றால், 'போல' என்ற சொல்லை விட்டுவிட்டவர்களிடம் திமிர்தான். மற்றவர்களிடம் அது கணக்கு ஒப்பிக்கிற பொறுப்பு. கடவுளின் பங்கு, மனிதர் பங்கு என்று உடம்பிலேயே பிரித்துக் காட்டுகிற ஒரு பாடம்கூட உண்டு. ஒரு பிள்ளைக்குப் பங்காளிகள் மூன்று பேர். எலும்பு, நரம்பு, நகம், மூளை, கண்ணின் வெள்ளை அப்பாவுடையது. தோல், சதை, முடி, கண்ணின் கருமை அம்மாவுடையது. உயிர், பார்வை, கேள்வி, பேச்சு, நடை, அறிவு கடவுளுடையது. அங்கே 'போல' இல்லை என்பதைப் பார்த்தாயா?

ஜெருசலேமில் விளக்கேற்றுவது சூரிய அஸ்தமனத்துக்கு 40 நிமிஷம் முன்னால். அதற்குள் போய்ச் சேர்ந்துவிடு. பூ கொண்டுபோவதானால் அதற்கு முன்பே கையில் கொடுத்து ஜாடியில் வைத்துவிடு. போனைப் பைக்குள் போடு, வெளியே எடுக்காதே. குளியலறை விளக்கைப் பழக்கதோஷத்தில் அணைத்துவிடாதே, இரவு முழுக்க அவர்கள் இருட்டில் தடவவேண்டி வரும். திரும்பும்போது பஸ் ஓடாது, நடக்கிற செருப்பாகப் போட்டுக்கொள். பனிக்குச் சால்வை எடுத்துக்கொள். அடுப்புப் பக்கத்தில் நீயும் அவளும் எங்கே முட்டிக்கொண்டீர்கள் என்று எழுது.

அன்புடன்,
அம்மா